கடை பூட்டின கையோடு கணக்குத் திறக்கப் போனால்

யாழ்ப்பாணத்தில் ஒரு ஆளைப் பற்றி 'வங்குரோத்து' என்று யாரும் வாயால் சொல்வதில்லை. அது பத்திரிகைத் தலைப்புச் சொல், அதுவும் நாட்டைப் பற்றியோ ஏதாவது ஒரு கட்சியைப் பற்றியோ எழுதும்போதுதான் வரும். மனிதருக்கு வந்தால் 'ஆள் நொடிஞ்சு போனார்', 'கடை விழுந்திட்டுது', 'அவர் இப்ப வெளிய வாறேல்லை' என்று கதை போகும். மரியாதைக்காக அப்படிச் சொல்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன், ஆனால் சட்டப்படி பார்த்தாலும் ஊர்ச்சனம் சொல்வதுதான் சரி. ஏனென்றால் அந்த ஆளை எந்த நீதிமன்றமும் வங்குரோத்து என்று அறிவித்திருக்காது. கடையைப் பூட்டினார், அவ்வளவுதான். முடிந்தது என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசிகூட அவர் கையில் இருக்காது, இரண்டு வருடம் கழித்து வங்கியில் ஒரு வியாபாரக் கணக்குத் திறக்கப் போகும்போது வருகிற சிக்கலெல்லாம் அந்த இல்லாத கடதாசியிலிருந்துதான் தொடங்குகிறது.

என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் பலாலி வீதிப் பக்கம் 13 வருடம் கட்டடப் பொருள் கடை வைத்திருந்தார். போர் முடிந்து ஏ9 திறந்து, வெளிநாட்டுக் காசிலும் வீட்டுத்திட்டக் காசிலும் ஊரெல்லாம் வீடு எழும்பிய காலத்தில் தொடங்கிய கடை. வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் ஆஸ்பத்திரி வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் போட்டி போட்டுக் கொண்டு கிளை திறந்த காலமும் அதுதான், கடன் கேட்டுப் போகத் தேவையில்லை, கடனே மோட்டார் சைக்கிளில் கடை வாசலுக்கு வரும். பிறகு 2022. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே நின்ற டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது, மிதக்கும் வட்டியில் மேலதிகப்பற்று (கணக்கில் இருப்பதை விடக் கூட எடுக்க வங்கி விடுகிற கடன்) எடுத்து வைத்திருந்தவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் வட்டித் துண்டின் முகமே மாறிப் போனது. சாமான் விலை இரண்டு மடங்கு, வீடு கட்டுகிறவன் பாதியில் நிறுத்திவிட்டான், அண்ணை கொடுத்த கடன் கொப்பிக்குள்ளேயே கிடந்தது. 2023 நடுப்பகுதியில் கடையைப் பூட்டினார்.

இப்போது அவர் சின்ன அளவில் அலுமினியக் கதவு, யன்னல் செய்கிறார். வேலை இருக்கிறது. ஆனால் ஒரு பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கொடுத்த காசோலை அவருடைய வியாபாரப் பெயருக்கு எழுதப்பட்டு, மேலே இரண்டு கோடு கீறி, பெறுநரின் கணக்கில் மட்டும் என்ற சீலும் குத்தப்பட்டிருந்தது. அதைத் தன் சொந்தப் பெயரில் உள்ள சேமிப்புப் புத்தகத்தில் போட முடியாது, கையில் மாற்றவும் முடியாது. அதுக்காகத்தான் நானும் அவரோடு வங்கிக்குப் போனேன், சின்னக் கடைகளுக்குக் கணக்கெழுதிப் பிழைக்கிறவன் என்பதால் என்னைக் கூட்டிப் போனால் ஏதும் நடக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

முகாமையாளர் வயது குறைந்த ஆள், நல்லாத்தான் கதைத்தார். அடையாள அட்டையை வாங்கி உள்ளே கொடுத்தார், ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளை வந்து அவருடைய காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனது. "அண்ணை, உங்கட பேரில ஒண்டு ரெண்டு விசயம் நிக்குது, நீங்கள் அதை முடிச்சிட்டு வாங்கோவன்" என்றார். அண்ணை உடனே எழும்பிவிட்டார். நான்தான் இருங்கோ என்று கையைப் பிடித்து இருத்தி, "சேர், நாங்கள் கடன் கேட்டு வரேல்லை. செக் புத்தகமும் வேண்டாம். காசு வந்து விழ ஒரு கணக்குத்தான் வேணும். அதுக்கும் ஏலாதோ?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பிடியெண்டால் வேற கதை" என்றார்.

அந்த 'வேற கதை' தான் விசயமே. வங்கியில் கணக்குத் திறப்பது என்று நாம் ஒரு சொல்லில் சொல்வதற்குள் இரண்டு தனித்தனி அலுவல் கிடக்கிறது. உங்கள் காசை வங்கி வாங்கி வைத்திருப்பது ஒன்று. வங்கி உங்களை நம்பி எதையாவது தருவது மற்றது, கடனும் மேலதிகப்பற்றும் மட்டுமில்லை, காசோலைப் புத்தகமும் அதற்குள்தான் வரும், ஏனென்றால் அந்த 25 தாளையும் நீங்கள் ஊரெல்லாம் எழுதிக் கொடுக்கலாம், அதில் வங்கியின் பெயர் அச்சடித்திருக்கும். முதலாவதில் வங்கிக்கு உங்களால் நட்டம் வர வழி குறைவு. கடன் கட்டாமல் விட்டவன் காசு வைக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் நாட்டில் இல்லை. ஆனால் நம்முடைய ஆட்கள் வங்கிக்குள் நுழைந்தவுடன் "ஒரு கரண்ட் அக்கவுண்ட் திறக்க வேணும்" என்று சொல்லிவிடுகிறார்கள், பழைய பழக்கம், நடைமுறைக் கணக்கு இருந்தால்தான் கடைக்கு மதிப்பு என்ற நினைப்பு. அந்த ஒரு சொல்லிலேயே இரண்டாவது அலுவலுக்குள் போய் நின்றுவிடுகிறோம். மறுப்பு அங்கேதான் வரும்.

சட்டத்தில் வங்குரோத்து என்பது என்ன என்று கொஞ்சம் பார்ப்போம், கொஞ்சம்தான். தனி ஆட்களின் வங்குரோத்துக்கு இலங்கையில் இருக்கிற சட்டம் 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் விக்டோரியா காலத்தில் இயற்றியது. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் நான் கடன் தீர்க்க முடியாதவன் என்று சொன்னால், சொத்து நீதிமன்றம் நியமிக்கிற ஆளின் கைக்குப் போகும், விசாரணை முடிந்து கடைசியில் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழில் மூன்று வகுப்பு உண்டு. தவிர்க்க முடியாத நட்டத்தால் விழுந்தவனுக்கு முதலாம் வகுப்பு, ஓரளவு அவன் பிழையும் இருந்தால் இரண்டாம் வகுப்பு, முழுக்கத் தன் பிழையால் விழுந்தவனுக்கு மூன்றாம் வகுப்பு. யாழ்தேவியில் ரிக்கற் எடுக்கிற மாதிரி. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது, ஒரு ஆள் ஏன் விழுந்தான் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். இன்றைக்கு நம்மூரில் அந்த வழியில் போகிற சின்ன வியாபாரி ஒருவரையும் நான் கண்டதில்லை. பத்திரிகையில் பெயர் வரும் என்ற பயம், வழக்கறிஞர் செலவு, இழுபடும் வருடங்கள். அதனால் எல்லோரும் பூட்டிவிட்டுச் சும்மா இருக்கிறோம், ஏன் விழுந்தார் என்ற கேள்வியை யாரும் கேட்பதுமில்லை, வங்கியின் கணினிக்கு அது தெரிவதுமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்து தனியாளாகக் கடை நடத்தினால் சட்டத்துக்கு முன்னால் கடையும் நீங்களும் ஒரே ஆள்தான். கடை பூட்டினாலும் கடன் உங்களுடையது, வீட்டுக் காணி வரைக்கும் வரும். கம்பனியாகப் பதிந்திருந்தால் கடன் கம்பனியோடு நிற்க வேண்டும், ஆனால் சின்னக் கம்பனிக்குக் கடன் கொடுக்கும்போது பணிப்பாளர்களிடம் சொந்தப் பிணையும் வாங்கித்தான் கொடுப்பார்கள், ஆகவே நடைமுறையில் பெரிய வித்தியாசமில்லை. 'இந்த முறை கம்பனியாகத் தொடங்கினால் பழையது ஒட்டாது' என்று ஆலோசனை சொல்கிறவர்கள் உண்டு. நீதிமன்றத்தால் வங்குரோத்து என்று அறிவிக்கப்பட்டு இன்னும் விடுவிக்கப்படாதவர் கம்பனிப் பணிப்பாளராக இருக்க முடியாது என்று 2007 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம் சொல்கிறது. அப்படி அறிவிக்கப்படாதவருக்கு அந்தத் தடை இல்லை, சரி, ஆனால் கம்பனிக்குக் கணக்குத் திறக்கப் போனாலும் வங்கி முதலில் கேட்பது பணிப்பாளர்களின் அடையாள அட்டையைத்தான்.

இனி 'கிறிப்'. கொடுகடன் தகவல் பணியகம் என்பது அதன் முழுப்பெயர், 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. 'கிறிப்பில பேர் அடிச்சிட்டாங்கள்' என்று சனம் சொல்வதைக் கேட்டால் அது ஏதோ கறுப்புப் பட்டியல் மாதிரி இருக்கும், பொலிஸ் நிலையத்தில் படம் ஒட்டின மாதிரி. உண்மையில் அங்கே பட்டியல் இல்லை. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங்காரரும் கொடுத்த கடன், யார் எடுத்தது, யார் பிணை நின்றது, எவ்வளவு நாள் பிந்தியது என்ற விவரங்களை அங்கே அனுப்புகிறார்கள், கேட்கிற உறுப்பு நிறுவனத்துக்கு அது அப்படியே காட்டுகிறது. ஒழுங்காகக் கட்டியவனின் பெயரும் அங்கேதான் இருக்கிறது. கணக்குத் திறக்கலாமா கூடாதா என்று கிறிப் ஒருநாளும் சொல்லாது, அதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது அந்தந்த வங்கி, அதனால்தான் ஒரு வங்கி இல்லை என்றதை அடுத்த தெருவில் இன்னொரு வங்கி ஓம் என்கிறது. மீற்றர் வட்டிக்காரன், சீட்டுப் பிடித்த அக்கா, சாமான் கடனுக்குத் தந்த கொழும்புச் செட்டியார் இவர்கள் யாரும் கிறிப்பில் இல்லை. அவர்கள் வேறு விதமாக வருவார்கள்.

உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே காசு கட்டி எடுக்கலாம், வங்கிக் கிளை மூலமாகவும் இணையத்திலும். வங்கிக்குப் போக முதல் செய்ய வேண்டிய அலுவல் இதுதான் என்று நான் யாருக்கும் சொல்வேன், முகாமையாளருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் அந்தக் கதிரையில் போய் இருப்பது போன்ற அவமானம் வேறில்லை. அண்ணையின் அறிக்கையில் அவர் மறந்தே போன ஒன்று இருந்தது, மச்சான்காரன் ஒருவனின் முச்சக்கரவண்டி லீசிங்குக்குப் பிணை நின்றது. அவன் கட்டாமல் விட்டிருக்கிறான். இன்னொன்று, கட்டி முடித்த கடன் ஒன்று இன்னும் நிலுவை என்று காட்டியது. அதைக் கிறிப்புக்கு எழுதி அழிக்கச் சொல்ல முடியாது, தகவலைக் கொடுத்த நிறுவனம்தான் திருத்த வேண்டும், ஆகவே ரசீதுக் கட்டோடு அங்கே ஏறி இறங்கினோம். ரசீதுகளை அவருடைய மனைவி பால்மா ரின்னுக்குள் போட்டு வைத்திருந்தபடியால் தப்பினோம்.

கடனை விட மோசமானது திரும்பின காசோலை. என் அனுபவத்தில் நடைமுறைக் கணக்குக்கு முகாமையாளர்கள் தயங்குவது இதைப் பார்த்துத்தான். கடன் பிந்துவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று அவர்களுக்கும் தெரியும், 2022 இல் எத்தனை பேர் விழுந்தார்கள். ஆனால் காசோலை திரும்புவது கையெழுத்தின் மரியாதை போவது. போதிய காசு இல்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி குற்றம், பிணக்கு வேறு, குற்றம் வேறு. நம்முடைய வியாபாரமோ முழுக்க முழுக்கப் பிந்திய திகதி போட்ட செக்கில் ஓடுகிறது. இரண்டு மாதத் திகதி போட்டு மொத்த வியாபாரிக்குக் கொடுப்போம், அவர் அதைக் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒருவரிடம் கழிவுக்கு, அதாவது தொகையில் கொஞ்சம் குறைத்து, மாத்துவார், அவர் இன்னொருவரிடம் கொடுப்பார், கடைசியில் வங்கிக்குப் போகும்போது யார் கையில் இருந்து போகிறது என்றே எழுதினவனுக்குத் தெரியாது.

அண்ணையிடம் ஒரு பழுப்பு நிறக் கடித உறை இருக்கிறது. திரும்பி வந்த காசோலைகளில் அவர் காசு கொடுத்து மீட்டவை அதற்குள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஊசியால் குத்தின துளை, சின்னத் துண்டு ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது, 'றிஃபர் டு ட்ரோவர்' என்று ஆங்கிலத்தில், எழுதினவனைக் கேள் என்று அர்த்தம். ஒன்றில் தேநீர்க் கறை. ஒன்றின் பின்பக்கத்தில் நான்கு பேருடைய கையெழுத்து, கடைசிக் கையெழுத்துக்காரரை அண்ணை வாழ்க்கையில் கண்டதே இல்லை. மொத்தம் 14 காசோலை திரும்பியது, 11 மீட்டிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் வைத்திருந்தவரிடம் 'எனக்குரிய பணம் முழுதாகக் கிடைத்தது' என்று திகதி போட்டு ஒரு கடிதமும் வாங்கச் சொன்னேன். முதலில் வெட்கப்பட்டார். ஆனால் இந்தக் கடிதமும் மூலக் காசோலையும் இருந்தால் பழைய வங்கியிடம் போய்த் தீர்ந்துவிட்டது என்று பதியச் சொல்லிக் கேட்கலாம், புதிய வங்கியின் முகாமையாளர் முன் விரித்துக் காட்டலாம். நீதிமன்றம் தராத சான்றிதழை நாமே துண்டு துண்டாகச் சேர்க்கிற மாதிரித்தான்.

எந்த வங்கி என்பது அடுத்த கேள்வி, இதில் பல பேர் கையைச் சுட்டுக் கொள்கிறார்கள். கடன் நிலுவை உள்ள வங்கியிலேயே கணக்கு வைத்திருந்தால், வந்து விழுகிற காசை அந்த வங்கி தன் கடனுக்குக் கழித்துக் கொள்ளலாம், கணக்குத் திறக்கும் படிவத்தின் பின்பக்கச் சின்ன எழுத்தில் அந்த உரிமைக்கு நீங்கள் கையெழுத்து வைத்திருப்பீர்கள். அண்ணைக்கு இது நடந்தது. கடை பூட்டின பிறகு வந்த முதல் அலுமினிய வேலைக்கு முற்பணமாக ஒருவர் 85,000 ரூபாவைப் பழைய கணக்குக்கு அனுப்பிவிட்டார், அடுத்த நாள் காலை மீதி பூச்சியம். அலுமினியம் வாங்கக் காசு இல்லை, வேலை கொடுத்தவருக்கு என்ன சொல்வது? பிறகு அவருடைய மனைவியின் காப்பு அடைவு கடைக்குப் போனது. வங்கி செய்தது சட்டவிரோதம் என்று நான் சொல்லமாட்டேன், ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுத்திருக்கலாம். ஆகவே புதிய கணக்கு, கடன் இல்லாத வங்கியில். ஆனால் இதை ஒளிப்பதற்கான வழி என்று நினைத்துவிட வேண்டாம். நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உங்களுக்கு எதிராக இருந்தால் எந்த வங்கியில் இருந்தாலும் அந்தக் காசைப் பிடிக்கலாம்.

பழைய கடனை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதையும் நான் சொல்லவில்லை. வங்கிகள் வியாபார மீளெழுச்சிக்கென்று ஒரு பிரிவு வைத்திருக்க வேண்டும் என்று மத்திய வங்கி 2024 இல் பணித்தது, கிளையில் கேட்டால் சில இடத்தில் முழிப்பார்கள், தலைமையகத்துக்கு எழுதினால் பதில் வரும். மாதம் 10,000 என்றாலும் எழுத்தில் ஒரு ஒழுங்கு செய்து, அதைத் தவறாமல் கட்டி, அந்தக் கடிதத்தைப் புதிய வங்கிக்குக் காட்டுவது வெறும் வாய்ப்பேச்சைவிடப் பல மடங்கு பெறுமதி. 'ஆறு வருசம் போனால் கடன் தானாக அழியும்' என்கிற கதையும் ஊரில் உண்டு. காலாவதிக் கட்டளைச் சட்டப்படி எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு 6 வருடம், ஈட்டுக்கு 10 வருடம் என்று எல்லை இருப்பது உண்மைதான், ஆனால் இடையில் ஒரு ரூபா கட்டினாலும் கடனை ஒத்துக்கொண்டு ஒரு கடிதம் எழுதினாலும் அந்த மணிக்கூடு திரும்பத் தொடங்கிவிடும், தவிரவும் வழக்குப் போட முடியாது என்பதும் முகாமையாளர் உங்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்பார் என்பதும் இரண்டு வேறு விசயம்.

குறுக்குவழிகளில் ஒன்று, புது அடையாள அட்டை. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும், 2016 முதல் வருகிற புதியதில் 12 இலக்கம். எண் மாறிவிட்டது, இனிப் பிடிக்கமாட்டார்கள் என்று ஒருவர் எனக்கே வகுப்பு எடுத்தார். பிறந்த ஆண்டுக்கு முன்னால் 19 ஐப் போட்டு நடுவில் ஒரு பூச்சியத்தைச் செருகினால் பழைய எண்ணே புதிய எண்ணாகிவிடும் என்பது வங்கியில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமைப் பிள்ளைக்கும் தெரியும்.

அடுத்த குறுக்குவழி எங்கள் ஊரின் தேசிய வழி. மனைவியின் பெயர். கடைப் பதிவு மனைவியின் பெயரில், கணக்கு மனைவியின் பெயரில், கல்லாவில் இருப்பது கணவன். உண்மையில் மனைவி வியாபாரம் நடத்தினால் ஒரு பிழையுமில்லை, அதை நன்றாகச் செய்கிற பெண்கள் சுன்னாகத்திலும் நெல்லியடியிலும் நிறையப் பேர். நான் சொல்வது பெயரை மட்டும் கடன் வாங்குவதை. 2016 ஆம் ஆண்டின் வாடிக்கையாளர் பற்றிய விதிகளின்படி கணக்கின் பின்னால் உண்மையில் யார் இருக்கிறார், காசு யாருடையது என்று வங்கி கேட்டே ஆக வேண்டும், அங்கே பொய் எழுதினால் பிறகு வருகிற ஒவ்வொரு கையெழுத்தும் அந்தப் பொய்யின் மேல்தான். அப்புறம் அந்தப் பெண் கையெழுத்து வைத்த காசோலை திரும்பினால் 25 ஆம் பிரிவு அந்தப் பெண்ணைத்தான் தேடி வரும், கணவன் கல்லாவில் இருந்தார் என்பது அங்கே செல்லாது. வீட்டில் கிறிப் சுத்தமாக இருந்த ஒரே ஆளையும் இழுத்துக் கிணற்றுக்குள் விடுகிற வேலை.

இதில் தேசவழமை ஒரு வேடிக்கையான இடத்தில் குறுக்கே வரும். வடமாகாணத் தமிழருக்கு உரிய வழமைச் சட்டப்படி மனைவியின் சீதனம் அவளுடைய தனிச்சொத்து, கணவனின் கடனுக்கு அது பொறுப்பில்லை. அதனால்தான் மனைவி பெயரில் செய்தால் பாதுகாப்பு என்ற எண்ணமே வருகிறது. ஆனால் அதே சட்டப்படி மனைவி தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். ஆகவே ஒரு நாள் அந்த வியாபாரத்துக்குக் கடன் எடுக்க மனைவி சீதனக் காணி உறுதியைத் தூக்கிக் கொண்டு போனால், வங்கி முதலாவதாகக் கேட்பது 'அவரையும் கூட்டிக் கொண்டு வாங்கோ' என்று. யாரை ஒளிக்க இவ்வளவும் செய்தோமோ அவர் சட்டைப் பையில் பேனாவோடு வந்து அந்தக் கதிரையில் இருப்பார். கலியாணத்துக்குப் பிறகு சேர்ந்த தேடியதேட்டம் இருவருக்கும் பொதுவானது என்பதால் அங்கே சிக்கல் இன்னும் கூட.

வெளிநாட்டுக் காசு பற்றியும் ஒரு வார்த்தை. நொடித்தவன் எழும்புவது பெரும்பாலும் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற தம்பியின் காசில்தான். அது உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலமாக, வந்தால் கையில் காசு இருக்கும், எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒன்றும் இருக்காது. புதுக் கணக்கு, பழைய கடன் வரலாறு, திடீரென்று ஐந்து லட்சம் கையோடு கட்டுகிறார், முகாமையாளர் என்ன நினைப்பார்? 10 லட்சத்துக்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல் வாங்கலை வங்கி, மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவித்தே ஆக வேண்டும், அதற்குக் குறைந்ததிலும் சந்தேகம் வந்தால் அறிவிப்பார்கள். தம்பி வங்கி வழியாக அனுப்பினால் கூலி கொஞ்சம் கூடத்தான், ஆனால் அந்தத் துண்டு ஒரு சாட்சி, அது உங்களுக்கு இப்போது காசை விட முக்கியம்.

கடதாசி அலுவல்கள் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய வியாபாரம் நிறுத்தப்பட்டது என்று பதிவு செய்த கந்தோருக்கு எழுத்தில் அறிவியுங்கள், பத்தில் ஒன்பது பேர் இதைச் செய்வதில்லை, பழைய பெயர் பேய் மாதிரி உலாவிக் கொண்டிருக்கும். புதிய பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிய இடத்துக்கான வாடகை ஒப்பந்தமோ உறுதியோ, கிராம சேவகரின் உறுதிப்படுத்தலோடு வேண்டும். வரி இலக்கம் இல்லாமல் இப்போது நடைமுறைக் கணக்குப் பக்கம் போகவே முடியாது, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் எடுத்துக் கொள்ளுங்கள், எடுத்தால் வரி வந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை, வருமானம் இருந்தால்தான் வரி. நடைமுறைக் கணக்குக்கு அறிமுகப்படுத்த ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவரையும் கேட்கலாம். நொடித்த ஆளுக்கு இந்த ஒரு கையெழுத்துக் கிடைப்பதுதான் சில வேளை மற்ற எல்லாவற்றையும் விடக் கஷ்டம், கோயிலில் கட்டிப்பிடித்துக் கதைப்பவர்கூட அன்றைக்கு வேறு அலுவல் இருக்கிறது என்பார்.

ஒன்றுமே சரிவராமல் வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்டவுடன் பாதி இடத்தில் குரல் மாறும். நிதிச் சேவை வாடிக்கையாளரை நியாயமாக நடத்த வேண்டும், முறைப்பாட்டைக் கேட்க ஒரு வழி வைத்திருக்க வேண்டும் என்று 2023 இல் மத்திய வங்கி ஒழுங்குவிதியே கொண்டு வந்திருக்கிறது, வங்கியிடம் முறையிட்டும் பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் 1935 என்ற எண்ணுக்கு எடுக்கலாம். கணக்குத் திறந்து தரச் சொல்லி அவர்கள் வங்கியைக் கட்டாயப்படுத்துவார்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் 'கிறிப்பில நிக்குது' என்ற இரண்டு சொல்லோடு ஆளை அனுப்பிவிட முடியாது. நாடே 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று அறிவித்துவிட்டு, 2024 டிசம்பரில் பழைய பிணைமுறிகளைக் கொடுத்துப் புதியதை மாற்றிக் கொண்டு மறுபடியும் எழும்பி நடக்கிறது. அண்ணைக்கு அந்த வசதி இல்லை, அவருக்காகக் கொழும்புக்கு வரச் சர்வதேச நாணய நிதியமும் இல்லை.

அன்றைக்கு முகாமையாளர் கடைசியில் வியாபாரப் பெயரில் ஒரு கணக்குத் திறந்து தந்தார், காசோலைப் புத்தகம் இல்லாமல், மேலதிகப்பற்று இல்லாமல். பாடசாலைச் சங்கத்தின் காசோலை மூன்றாம் நாள் மாறியது. அலுமினியக் கடைக்காரருக்குக் கைபேசியிலிருந்தே காசு அனுப்புகிறார், செக் எழுதுகிற வேலையே இல்லை, ஆரம்பத்தில் கை கூசியது என்றார், 13 வருடம் செக் எழுதின கை. அந்தப் பழுப்பு உறையை மட்டும் மேசை லாச்சியில் வைத்திருக்கிறார். இன்னும் மூன்று காசோலை மீட்கக் கிடக்கிறது. ஒன்றை வைத்திருந்தவர் குடும்பத்தோடு கனடா போய்விட்டார், மற்ற இரண்டும் மருதனார்மடத்தில் ஒரே ஆளிடம். சனிக்கிழமை பின்நேரம் வரச் சொல்லியிருக்கிறார், கடிதத்தை நான் எழுதி வைத்துவிட்டேன், அவருடைய கையெழுத்துத்தான் வேண்டும்.